கசான் வீழ்ந்த கதை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ரஷ்யாவில் கசான் நகரில் மருத்துவம் படிக்கும் மாணவி. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ரஷ்யாவுக்குள் தாத்தார்ஸ்தான் என்று ஒரு குடியரசு இருப்பதும், அங்கே பாதிப்பேர் முஸ்லிம்கள் என்பதும் இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இங்குள்ள கிரெம்ளின் கோட்டையை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவருக்குள் நீலக்கூம்பு வைத்த பெரிய பள்ளிவாசல், சற்றுத் தள்ளி ஒரு பழைய பேராலயம்.

எங்களுக்கு ரஷ்ய வரலாறு கட்டாயப் பாடம். 1552இல் ஜார் நான்காம் இவான் கசானைப் பிடித்ததைப் பற்றிப் பாடம் எடுத்த ஆசிரியர், மங்கோலியர் ரஷ்யாவை அடிமைப்படுத்தியதற்கு அது ஒரு முடிவு என்றார். கசான்காரர்கள் பிடித்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான ரஷ்ய அடிமைகள் விடுதலையானார்கள், பிறகு எல்லா மக்களும் ஒன்றாக வாழத் தொடங்கினார்கள் என்றார். என் வகுப்பில் இருக்கும் தாத்தார் தோழி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் சொன்னாள். அவள் பாட்டி ஒவ்வோர் அக்டோபரிலும் 1552இல் செத்தவர்களுக்காக வீட்டில் குர்ஆன் ஓதச் சொல்வாராம். "அது சிலுவைப்போர். எங்கள் மதத்தை அழிக்க வந்தார்கள்" என்றாள்.

அது மதப்போரா? மங்கோலிய ஆட்சிக்குப் பழிவாங்கலா? இப்போது பள்ளிவாசலும் பேராலயமும் ஒரே கோட்டைக்குள் இருப்பது உண்மையான சமாதானமா, சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சியா? உங்கள் பதிலைத் தோழிக்கும் மொழிபெயர்த்துச் சொல்வேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

இருவர் சொல்வதிலும் பாதிப் பாதி உண்மை என்று எழுதித் தப்பித்துவிடலாம். அதில் எனக்கு விருப்பமில்லை. அந்த அக்டோபரில் நகரத்துக்குள் என்ன நடந்தது என்பதில் உங்கள் தோழி சொல்வதுதான் சரி. ஏன் நடந்தது என்பதில் இருவருமே தவறு, அதுவும் ஒரே தவறு. ஒரு பக்கம் ரஷ்யா, கிறிஸ்தவம்; மறுபக்கம் தாத்தார், இஸ்லாம்; நடுவில் ஒரு கோடு என்று இருவரும் நினைக்கிறார்கள். 1552க்கு முன் அப்படி ஒரு கோடு இருக்கவில்லை. கசான் அரண்மனையில் யார் உட்காருவது என்பதை மாஸ்கோவும் சேர்ந்துதான் அறுபது வருடங்களாக முடிவு செய்துகொண்டிருந்தது.

மங்கோலியக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். கசான் வட்டார மக்களின் முன்னோர்களில் பெரும்பகுதியினர் வோல்கா பல்கார்கள். அவர்கள் இஸ்லாத்தை அரச மதமாக ஏற்றது 922இல். கீவில் ரஷ்யர்கள் ஞானஸ்நானம் பெற்றது 988இல். வோல்காக் கரையில் பாங்கு ஒலிக்கத் தொடங்கியபோது மாஸ்கோ என்ற ஊரே கிடையாது. மங்கோலியரான பத்து என்ற கான் மேற்கே வந்தபோது முதலில் நொறுக்கியது இந்தப் பல்கார் நாட்டைத்தான், 1236இல். ரஷ்ய நகரங்களின் முறை அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. பத்துவின் வாரிசுகள் நடத்திய பொன் கூடாரப் பேரரசு 15ஆம் நூற்றாண்டில் உடைந்தபோது சிதறிய துண்டுகளில் ஒன்று கசான். கிரிமியா, அஸ்திரகான் எல்லாம் மற்றத் துண்டுகள். அந்தப் பேரரசுக்குக் கப்பம் வசூலித்துக் கொடுத்தே வளர்ந்த மாஸ்கோவையும் ஒரு துண்டு என்று சொல்ல முடியும். மூன்று நூற்றாண்டு கழித்துக் கசானிடம் பழிவாங்கினார்கள் என்றால் விலாசம் தப்பு.

இனி உங்கள் ஆசிரியர் பாடத்தில் வராத பகுதி. 1445இல் சுஸ்தால் அருகே நடந்த சண்டையில் மாஸ்கோவின் பெருங்கோமகன் இரண்டாம் வசீலி, கசான் வம்சத்தைத் தொடங்கிய உலூக் முஹம்மதுவின் மகன்களிடம் சிறைப்பட்டார். பெரும் பணம் கொடுத்து மீண்டு வந்தார். அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். அதே உலூக் முஹம்மதுவின் இன்னொரு மகன் காசிம், சகோதரர்களோடு ஒத்துப்போகாமல் மாஸ்கோவின் சேவைக்கு வந்துவிட்டார். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஓக்கா ஆற்றங்கரையில் அவருக்கு ஒரு ஊரும் வருமானமும் தரப்பட்டன. அந்த ஊருக்கு இன்றும் காசிமோவ் என்றுதான் பெயர். அங்கே பள்ளிவாசல் இருந்தது, முஸ்லிம் கான் இருந்தார், முஸ்லிம் குதிரைப்படை இருந்தது. எல்லாம் மாஸ்கோவின் செலவில். கசானில் கான் பதவி காலியாகும் போதெல்லாம் நிறுத்துவதற்கு ஓர் ஆள் மாஸ்கோவின் கையில் எப்போதும் இருந்தார்.

1487இல் மூன்றாம் இவானின் படை கசானைக் கைப்பற்றியது. ஆம், 1552க்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே. ஆனால் யாரும் அங்கே சிலுவை நடவில்லை. கசான் அரச குடும்பத்திலேயே தனக்கு வேண்டிய முஹம்மது அமீனை அரியணையில் ஏற்றிவிட்டுப் படை திரும்பியது. அவர் வருடக்கணக்கில் விசுவாசமாக இருந்தார், 1505இல் எதிர்த்துக் கிளம்பினார், பிறகு சமாதானமானார். அவருக்குப் பின் 1519இல் மாஸ்கோ காசிமோவிலிருந்து ஷா அலி என்ற பதின்மூன்று வயதுச் சிறுவனை அனுப்பியது. இரண்டே ஆண்டில் கசான் பிரபுக்கள் அவரைத் துரத்திவிட்டுக் கிரிமியாவிலிருந்து சாஹிப் கிரேயைக் கூட்டிவந்தார்கள். பிறகு அவருடைய உறவினர் சஃபா கிரே. அவரைத் துரத்திவிட்டு ஷா அலியின் தம்பி ஜான் அலி. அவர் கொல்லப்பட்டு மறுபடியும் சஃபா கிரே. 1546இல் சில வாரங்களுக்கு மறுபடியும் ஷா அலி. மறுபடியும் சஃபா கிரே.

படிக்கும்போது தலை சுற்றும், சுற்றட்டும். கசானுக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன என்பதுதான் இதன் சாரம். மாஸ்கோவோடு வியாபாரமும் சமாதானமும் வேண்டும் என்றது ஒன்று. கிரிமியாவோடு, அதன் வழியே துருக்கியின் உஸ்மானியரோடு நிற்க வேண்டும் என்றது மற்றது. இரண்டிலும் முஸ்லிம்கள்தான். மாஸ்கோ கட்சிக்காரர்களை இன்று துரோகிகள் என்று சொல்வது எளிது. அவர்களில் பலருக்கு வோல்கா வணிகம்தான் வாழ்க்கை. கிரிமியாக்காரர்கள் தங்கள் ஆட்களோடு வந்து நல்ல பதவிகளையெல்லாம் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற எரிச்சலும் அவர்களுக்கு இருந்தது.

இங்கே கசான் அரசி சூயும்பிகாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கிரெம்ளினுக்குள் சற்றுச் சாய்ந்து நிற்கும் செங்கல் கோபுரத்துக்கு அவர் பெயர்தான். இவானை மணக்க மறுத்து அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்தார் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். கோபுரமே பெரும்பாலும் அவர் காலத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் பின்னால் கட்டியது. உண்மையில் அவருக்கு நடந்தது இதைவிட மோசம். புல்வெளி நாடோடிகளான நொகாய்களின் தலைவர் யூசுஃபின் மகளான அவரை முதலில் மாஸ்கோவின் ஆளான ஜான் அலிக்கும், அவர் கொல்லப்பட்டபின் கிரிமியக் கட்சியின் சஃபா கிரேவுக்கும் கட்டிவைத்தார்கள். 1549இல் சஃபா கிரே இறந்தபோது மகன் உதேமிஷுக்கு இரண்டு வயது. குழந்தையின் பெயரில் இரண்டு ஆண்டுகள் சூயும்பிகா ஆண்டார். 1551இல் நெருக்கடி முற்றியபோது கசான் பிரபுக்களே தாயையும் பிள்ளையையும் மாஸ்கோவிடம் ஒப்படைத்தார்கள். மகனுக்கு அலெக்சாண்டர் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் செய்தார்கள். அவன் இருபது வயதைத் தொடுவதற்குள் இறந்து, மாஸ்கோ கிரெம்ளினில் ஜார்களைப் புதைக்கும் ஆலயத்திலேயே புதைக்கப்பட்டான். தாயை ஷா அலிக்குக் கட்டிக்கொடுத்துக் காசிமோவுக்கு அனுப்பினார்கள். அவருடைய அப்பா யூசுஃபின் வழித்தோன்றல்கள்தான் பிற்காலத்தில் ரஷ்யாவின் பெரும் பணக்காரப் பிரபுக்களான யூசுப்பவ் குடும்பம். 1916இல் ஜார் குடும்பத்தை ஆட்டிவைத்த சாமியார் ரஸ்புதினைத் தீர்த்துக்கட்டிய கும்பலில் இருந்த ஃபெலிக்ஸ் யூசுப்பவ் இந்த வம்சம். வரலாறு எங்கெங்கோ போகிறது.

சரி, அறுபது ஆண்டுகளாக ஆள் மாற்றி விளையாடியவர்கள் 1552இல் ஏன் ஊரையே விழுங்கினார்கள்? அந்த விளையாட்டு மாஸ்கோவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது முதல் காரணம். 1521இல் கிரிமியாவும் கசானும் சேர்ந்து தாக்கியபோது மாஸ்கோ நகரமே ஆடிப்போனது. எல்லைக் கிராமங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துப்போய் விற்பது கசானுக்குப் பெரிய வருமானம், அதில் உங்கள் ஆசிரியர் பொய் சொல்லவில்லை. 1551 உடன்பாட்டின்படி அறுபதாயிரம் பேரை விடுவித்ததாக ரஷ்ய வரலாற்றேடுகள் சொல்கின்றன. எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அடிமைகள் இருந்ததை நம்பலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விடுதலை நடந்தது 1551இல், சண்டையில்லாமல். நகரை அழித்தது அதற்கு அடுத்த ஆண்டு.

இரண்டாவது காரணம் நிலம். இவானுக்கு அரசாங்க யோசனைகளை மனுவாக எழுதிக்கொடுத்த இவான் பெரெஸ்வெதோவ் என்ற படைவீரர் ஒருவர் இருந்தார். கசான் நாடு சொர்க்கத்துக்கு ஒப்பான பூமி, அது நம்மோடு நட்பாகவே இருந்தாலும் அவ்வளவு செழிப்பான இடத்தை விட்டுவைக்க முடியாது என்று அவர் எழுதினார். அந்தக் காலத்து ஆவணங்களில் இவ்வளவு ஒளிவுமறைவில்லாத வரி எனக்கு வேறு கிடைத்ததில்லை. சேவை செய்யும் குதிரை வீரனுக்கு மாஸ்கோ சம்பளமாகக் கொடுத்தது நிலத்தைத்தான். வீரர்கள் பெருகப் பெருக நிலம் வேண்டும். வோல்கா முழுவதும் கையில் வந்தால் காஸ்பியன் கடல் வரை வணிகப் பாதையும் வரும்.

எப்படிப் பிடித்தார்கள் என்பதில்தான் என் கவனம் எப்போதும் நிற்கும். 1547-48 குளிர்காலத்தில் இவான் முதல் முறை வந்தார். பனி இளகி வோல்காவின் உறைந்த மேற்பரப்பு உடைந்து பீரங்கிகள் ஆற்றுக்குள் போயின. 1550இல் இரண்டாம் முறை நகரின் சுவர் வரை வந்து, மழையும் சேறும் தாங்காமல் திரும்பினார். எண்ணூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உள்ள மாஸ்கோவிலிருந்து ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் இழுத்து வந்தால் இந்த நகரை ஒருபோதும் பிடிக்க முடியாது என்பது அப்போது புரிந்தது. திரும்பும் வழியில் ஸ்வியாகா ஆறு வோல்காவில் கலக்கும் இடத்தில் ஒரு வட்டமான குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கசானிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர்.

அந்தக் குளிர்காலத்தில், கசானுக்கு வெகுதொலைவில், வோல்காவின் மேற்பகுதியில் உக்லிச் பக்கத்துக் காட்டில் மரம் வெட்டினார்கள். ஒரு முழுக் கோட்டையையும் அங்கேயே கட்டிப்பார்த்தார்கள்: சுவர், கோபுரம், தேவாலயம், எல்லாம். பிறகு பிரித்து, கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டார்கள். 1551 வசந்தத்தில் அவை குன்றை வந்தடைந்தன. நான்கு வாரத்தில் கோட்டை எழுந்துவிட்டது. இவான் விரோத்கோவ் என்ற அரசு எழுத்தர்தான் இதை நடத்தியவர். ஸ்வியாஷ்ஸ்க் என்ற அந்த ஊரில் 1551ஆம் ஆண்டு மரத்தேவாலயம் ஒன்று இன்னும் நிற்கிறது. வாய்ப்பு கிடைத்தால் போய்ப் பாருங்கள். சோவியத் காலத்தில் அணை கட்டித் தண்ணீர் ஏறியதால் குன்று தீவாகிவிட்டது. கசான் நகரை இப்போது வோல்கா தொட்டுக்கொண்டு ஓடுவதும் அதே அணையால்தான். 1552இல் ஆறு சில கிலோமீட்டர் தள்ளி ஓடியது.

என் கணிப்பில் கசான் வீழ்ந்தது 1552 அக்டோபரில் இல்லை, 1551 கோடையிலேயே. கோட்டை எழுந்ததும் வோல்காவின் வலதுகரையில், அதாவது மலைப்பக்கத்தில், இருந்த சுவாஷ்களும் மலைப்பக்க மாரிகளும் மாஸ்கோவிடம் போய்விட்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் இல்லை. கசானுக்கு வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள். இவான் அவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு வரிவிலக்குத் தந்தார். கான் அரசின் பாதி நாடு ஒரு வெட்டும் குத்தும் இல்லாமல் போயிற்று. மூன்றாம் முறை அரியணை ஏறிய ஷா அலியே, மலைப்பக்கத்தைத் திருப்பித் தாருங்கள், இல்லாவிட்டால் என்னால் இந்த மக்களை ஆள முடியாது என்று மாஸ்கோவிடம் கேட்டார். பொம்மை அரசர்கூடக் கேட்க வேண்டியிருந்தது. மாஸ்கோ தரவில்லை. எதிர்ப்பவர்களை விருந்துக்கு அழைத்துக் கொன்றதுதான் ஷா அலிக்குத் தெரிந்த நிர்வாகம்.

1552 மார்ச்சில் அவர் விலகினார். கான் வேண்டாம், மாஸ்கோவின் ஆளுநரே வரட்டும் என்று ஒரு கட்சி ஒப்புக்கொண்டது. ஆளுநர் வாசலுக்கு வரும் நேரத்தில் நகரத்துக்குள் மனம் மாறியது, கதவுகளை அடைத்துவிட்டார்கள். அஸ்திரகான் வம்சத்து யாதிகார் முஹம்மதுவைக் கானாக அழைத்தார்கள். இந்த யாதிகாரும் முன்பு மாஸ்கோவின் சேவையில் இருந்தவர்தான்.

ஆகஸ்ட் 23 அன்று முற்றுகை தொடங்கியது. ஒன்றரை லட்சம் வீரர்கள், நூற்றைம்பது பீரங்கிகள் என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. இன்றைய வரலாற்றாசிரியர்கள் வீரர்களின் எண்ணிக்கையை ஏற்பதில்லை. அந்தப் படையில் ஷா அலியும் காசிமோவ் தாத்தார்களும் இருந்தார்கள், அஸ்திரகான் இளவரசர்கள் இருந்தார்கள், முந்தைய ஆண்டு சேர்ந்த சுவாஷ்களும் மாரிகளும் இருந்தார்கள். நகருக்குள் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர். வெளியே ஆர்ஸ்க் காட்டிலிருந்து இளவரசர் யபன்சாவின் குதிரைப்படை முற்றுகையிட்டவர்களைப் பின்னாலிருந்து கடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் படையை முறியடித்த பின்தான் மாஸ்கோவால் மூச்சுவிட முடிந்தது.

செப்டம்பர் 4இல் மாஸ்கோ படையினர், நகரத்தார் தண்ணீருக்குப் போகும் மறைவுவழிக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பதினொரு பீப்பாய் வெடிமருந்தை வெடித்தார்கள். சுத்தமான தண்ணீர் நின்றது. விரோத்கோவ் மறுபடியும் வந்தார். பதின்மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு மரக்கோபுரத்தைக் கட்டிச் சுவரருகே நகர்த்தி, அதன் மேலிருந்து தெருக்களுக்குள் சுட்டார்கள். இந்தப் போரில் உடன் இருந்த இளவரசர் குர்ப்ஸ்கி பின்னாளில் எழுதியதில் ஒரு வேடிக்கை உண்டு. விடாமல் மழை பெய்ததற்கு, கசான் சூனியக்காரர்கள் சூரியோதயத்தில் சுவர் மேல் ஏறி மந்திரம் சொன்னதுதான் காரணமாம். மாஸ்கோவிலிருந்து ஒரு புனிதச் சிலுவையை வரவழைத்ததும் மழை நின்றதாம்.

அக்டோபர் 2 காலையில் சுவருக்கு அடியில் நாற்பத்தெட்டு பீப்பாய் வெடித்தது. உள்ளே நடந்ததை நான் விரித்து எழுதப்போவதில்லை. ஆயுதம் பிடித்த வயதில் இருந்த ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கினார்கள். இதை எழுதிவைத்தது வென்றவர்களின் ஏடுகளே. ஜார் உள்ளே வருவதற்காக ஒரே ஒரு தெருவில் மட்டும் பிணங்களை அகற்றினார்கள். பெரிய பள்ளிவாசலின் இமாம் குல் ஷரீஃப் மாணவர்களோடு சண்டையிட்டுச் செத்தார். கடைசியில் எஞ்சிய சில ஆயிரம் பேர் தங்கள் கானை உயிரோடு ஒப்படைத்துவிட்டு, இனி நாங்கள் உங்களோடு கடைசிக் கோப்பையைக் குடிக்க வெளியே வருகிறோம் என்று சொல்லிவிட்டு, ஆற்றைக் கடந்து காட்டுப்பக்கம் வெட்டிக்கொண்டு போனார்கள் என்கிறார் குர்ப்ஸ்கி. அவர்களைத் துரத்தியவர்களில் அவரும் ஒருவர், அதில் படுகாயம் பட்டவர். எதிரியைப் பற்றி அவ்வளவு மரியாதையோடு எழுதியவர், பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தன் ஜாருக்குப் பயந்து லித்துவேனியாவுக்கு ஓடிவிட்டார். கசானின் முதல் ஆளுநர் கோர்பாத்தி-ஷூய்ஸ்கியின் தலையை 1565இல் இவானே வெட்டவைத்தார். கசானைப் பிடித்தபோது இவானுக்கு வயது 22. 'பயங்கர இவான்' அப்போது பயிற்சியில்தான் இருந்தார்.

மதம் எங்கே என்று தோழி கேட்பார். மதம் இருந்தது. மாஸ்கோவின் தலைமைக் குரு மக்காரி இந்தப் போரைத் தொடக்கத்திலிருந்தே விசுவாசத்துக்கான போர் என்று எழுதிவந்தார், படைக்குக் கடிதம் அனுப்பினார். வெற்றிக்குப் பின் அந்தக் குரல் ஒன்றுதான் மிஞ்சியது. மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நாம் காலண்டரில் பார்க்கும் அந்த வண்ணக் குமிழ் ஆலயம் கசான் வெற்றிக்காக 1555இலிருந்து 1561 வரை கட்டப்பட்டது. அங்கேயே ட்ரெத்யாகவ் ஓவியக் காட்சிக்கூடத்தில் நான்கு மீட்டர் நீளத்துக்கு ஓர் ஐக்கன் ஓவியம் இருக்கிறது: எரியும் நகரிலிருந்து திரும்பும் படை, முன்னால் தேவதூதர் மிக்கேல். அதில் ஷா அலியையோ காசிமோவ் குதிரைவீரர்களையோ தேடாதீர்கள். கூட வந்த முஸ்லிம்களை ஓவியத்திலிருந்து எடுத்துவிட்டால்தான் அது சிலுவைப்போராகும். உங்கள் தோழியின் வாதமும், ஒரு விதத்தில், மக்காரி வரைந்த படத்தைத்தான் தலைகீழாக வைத்திருக்கிறது.

ஆனால் அரசு சொன்ன கதை அரசையே பிறகு கட்டிப்போடும். தாத்தார்கள் கோட்டைக்குள் வசிக்கக்கூடாது என்றாயிற்று, கபான் ஏரிப்பக்கம் தனிக் குடியிருப்புக்குத் தள்ளப்பட்டார்கள். நல்ல நிலங்கள் ரஷ்யப் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் போயின. ஐந்து ஆண்டுகளுக்கு நாடெங்கும் கலகம், அதை எரித்து அடக்கினார்கள். அப்படியிருந்தும் 1555இல் முதல் பேராயர் குரியை அனுப்பியபோது இவான் கொடுத்த அறிவுரை, யாரையும் பலவந்தமாக மதம் மாற்றாதே, அன்பாகப் பேசி இழு என்பது. கலகப்பயம்தான், வேறென்ன. தாத்தார் பிரபுக்கள் முஸ்லிம்களாகவே ஜாரின் படையில் நிலம் பெற்றுச் சேவை செய்தார்கள். இவான் இறந்த பின், அவர் மகன் ஃபியோதர் காலத்தில், பேராயர் ஹெர்மோகெனின் புகாரின் பேரில் 1593இல்தான் கசான் பள்ளிவாசல்களை இடிக்க ஆணை வந்தது. உங்கள் தோழி சொல்லும் 'மதத்தை அழிக்க வந்தவர்கள்' முழு வேகத்தில் வந்தது அதற்கும் பின்னால், பேரரசர் பீட்டருக்குப் பிந்தைய நாகரிக ரஷ்யாவில். 1740களில் கசான் மாவட்டத்தில் இருந்த 536 பள்ளிவாசல்களில் 418 இடிக்கப்பட்டன. இரண்டு நூற்றாண்டு தள்ளி நடந்த இதன் நினைவும் பாட்டிகளின் ஓதலில் 1552ஓடு சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை. மக்கள் நினைவு தேதி பார்த்து அடுக்கிவைப்பதில்லை.

பிறகு பேரரசி இரண்டாம் கேத்தரின் வந்தார். 1767இல் கசானுக்கே வந்து கல் பள்ளிவாசல் கட்ட அனுமதித்தார். நீங்கள் போயிருக்கக்கூடிய மர்ஜானி பள்ளிவாசல் அப்போதையது. மினாரா ரொம்ப உயரமாகிறது என்று புகார் போனபோது, தரையில் இடம் ஒதுக்கத்தான் எனக்கு அதிகாரம், வானம் என் ஆட்சியில் இல்லை என்று சொன்னாராம். கதையாக இருக்கலாம், நல்ல கதை. அவருக்குத் தாத்தார் வணிகர்கள் தேவைப்பட்டார்கள். புகாராவுக்கும் கசாக் புல்வெளிக்கும் போய் முஸ்லிம்களோடு முஸ்லிம்களாக வியாபாரம் செய்ய வேறு யாரால் முடியும்? 1803இல் கசானிலேயே குர்ஆன் அச்சாகிறது. வென்ற பேரரசு அடுத்த முஸ்லிம் நாடுகளை நோக்கிப் போகும் பாதையில் கசான் தாத்தார்கள் மொழிபெயர்ப்பாளர்களாகவும் வணிகர்களாகவும் கூடவே போனார்கள். கசப்பான செய்தி, ஆனால் காசிமோவில் தொடங்கிய அதே ஏற்பாடுதான் இதுவும்.

உங்கள் ஆசிரியரின் பாடத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1944இல் சோவியத் கட்சியின் மத்தியக் குழு, தாத்தார்ஸ்தான் அறிஞர்கள் பொன் கூடாரத்தைப் புகழ்கிறார்கள் என்று கண்டித்துத் தீர்மானம் போட்டது. 'இதெகெய்' என்ற தாத்தார் காவியம் தடை செய்யப்பட்டது. அதன் பிறகு கசானைப் பற்றி ஒரே விதமாகத்தான் எழுத முடிந்தது. பாவம், அவர் படித்ததை அவர் நடத்துகிறார்.

மூன்றாவது கேள்வி. குல் ஷரீஃப் பள்ளிவாசல் 2005இல் திறக்கப்பட்டது. பழைய பள்ளிவாசல் எப்படி இருந்தது என்பதற்கு வரைபடம் கிடையாது, இது இன்றைய கட்டடக்கலைஞர்களின் கற்பனை. 1990இல் தாத்தார்ஸ்தான் இறையாண்மை அறிவித்தது, 1994இல் மாஸ்கோவோடு சமமானவர்போல ஒப்பந்தம் போட்டது. பள்ளிவாசல் கட்டும் முடிவு 1995இல் வந்தது. அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் அது சமாதானச் சின்னமும் இல்லை, சுற்றுலாக் காட்சியும் இல்லை. 'நாங்கள் இன்னும் இருக்கிறோம்' என்று ஓர் அரசு கோட்டைக்குள் எழுப்பிய அறிக்கை. 2005இலேயே பக்கத்துப் பேராலயத்தையும் புதுப்பித்துத் திறந்தது மாஸ்கோவுக்கான சமாதானப் பேச்சு. அந்த ஒப்பந்தத்துக்குப் பதிலாக 2007இல் போட்டது 2017இல் காலாவதியானபோது மாஸ்கோ புதுப்பிக்கவில்லை. கோட்டைக்கு வெளியே ஆற்றுக்குள் உச்சி வெட்டிய பிரமிடுபோல ஒரு கட்டடம் இருக்கிறதே, அது 1552இல் செத்த ரஷ்யப் படைவீரர்களுக்காக 1823இல் எழுப்பியது. அதையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தோழியிடம் ஒன்று கேட்டு எனக்கு எழுத முடியுமா? அவர் குடும்பம் கசான் தாத்தாரா, மிஷாரா என்று. மிஷார்கள் ஓக்கா ஆற்றுப்பக்கத்திலிருந்து வந்தவர்கள், காசிமோவ் பக்கத்து உறவினர்கள். இரு பக்கமும் நூற்றாண்டுகளாகப் பெண் கொடுத்து எடுத்திருப்பதால் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். அப்படியானால் பாட்டி யாருக்காக ஓதுகிறாரோ அவர்களில் சுவருக்கு உள்ளே நின்றவர்களும் உண்டு, வெளியே ஷா அலியின் கொடியின் கீழ் நின்றவர்களும் உண்டு. இதைச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ளலாம். கோபித்தாலும் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.